பாலத்தில் பெய்யாத மழை

ஸ்டெல்லாவின் படகுக்காரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செத்தான். கொன்றது நான்தான்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு போர்ட் கேம் கடை மாடியில் பத்து வருஷமாக கேம் மாஸ்டர் வேலை பார்க்கிறேன். நான் கதை சொல்வேன். மேசையைச் சுற்றி இருக்கும் நாலைந்து பேர் ஆளுக்கொரு கேரக்டராகி அந்தக் கதைக்குள் நடமாடுவார்கள். ஆபத்தான காரியம் என்றால் இருபது முக டைஸை உருட்ட வேண்டும். எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது, நடந்துகொண்டேதான் கதை சொல்வேன். தலையணை மாதிரி இருக்கும் ரூல் புக்கைப் புரட்ட எனக்கேது பொறுமை? அதை ஓரங்கட்டிவிட்டு ஒரே ரூல் வைத்தேன்: குறைந்தது எத்தனை விழ வேண்டும் என்று நான் சொல்வேன், விழுந்தால் பிழைத்தாய்.

ஸ்டெல்லா செந்தூலிலிருந்து வருகிறவள், கிளினிக் ஒன்றில் நர்ஸ். இரண்டு வருஷமாக அந்தப் படகுக்காரனாக விளையாடினாள். அவனுக்கென்று தனி நோட்டே வைத்திருந்தாள். அன்று அவன் இடிந்த பாலத்தைத் தாண்டிக் குதிக்க வேண்டும். அவள் டைஸைக் கையில் வைத்துக் குலுக்கும்போது, மழை பெய்கிறது, கல் வழுக்குகிறது, பதினைந்து வேண்டும் என்றேன். பதின்மூன்று விழுந்தது. அவன் ஆற்றோடு போனதை விலாவாரியாக வர்ணித்தேன். மற்றவர்கள் கைகூடத் தட்டினார்கள்.

அவள் தட்டவில்லை. போன மாசம் ரவி இதே பாலத்தைத் தாண்டியபோது பன்னிரண்டு போதும் என்றேனே, அதை நினைவுபடுத்தினாள். ரவி என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. அன்றைக்கு மழை இல்லை, இன்றைக்கு மழை என்று சமாளித்தேன்.

"நான் டைஸ கையில எடுத்த பிறகுதானே அண்ணே மழை வந்துச்சு?"

எனக்கு முகம் சுட்டது. அவள் சொன்னது உண்மை. கதை தொய்வதாகப் பட்டது, ஒரு சாவு விழுந்தால் மேசை சூடுபிடிக்கும் என்று அந்த நொடியில் மழையைக் கொண்டுவந்தேன். ரவிக்குக் கொண்டுவந்திருப்பேனா? மாட்டேன்.

"சும்மா கேம்தானே லா, விடு," என்றான் ரவி. எனக்கு இன்னும் எரிச்சலாகிவிட்டது. மழையே இல்லை, பன்னிரண்டு போதும், படகுக்காரன் பிழைத்துக்கொண்டான் என்று அவசரமாகத் தீர்ப்பை மாற்றினேன்.

ஸ்டெல்லா நோட்டை மூடிப் பையில் வைத்தாள். "கொல்றதும் உங்க இஷ்டம், பொழைக்க வைக்கிறதும் உங்க இஷ்டம். அப்ப நான் எதுக்கு அண்ணே டைஸ் உருட்டணும்?"

கோபமில்லாமல்தான் கேட்டாள். கொமுட்டர் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

புதிதாக மேசை நடத்த வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ரூலைக் குறைப்பதில் தப்பில்லை. ஆனால் ரூல் குறையக் குறைய உங்கள் வாய்க்குக் கட்டுப்பாடு அதிகமாக வேண்டும். மழையோ வெயிலோ, அவர்கள் டைஸைத் தொடுவதற்கு முன் சொல்லிவிடுங்கள். வேண்டியவனுக்கும் இதே நம்பரைச் சொல்வேனா என்று ஒரு தரம் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவையும் நான் கற்றுக்கொண்டது அவளை இழந்த பிறகுதான்.

ஸ்டெல்லா இப்போது செந்தூலில் தானே ஒரு மேசை நடத்துகிறாள். என் ஆட்களில் இரண்டு பேர் அங்கே போய்விட்டார்கள். வெட்கத்தை விட்டு எனக்கும் ஓர் இடம் கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். மூன்று மாசமாகிறது. போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.