கேரியர் வண்டிக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் ஒரு போர் வண்டி இருந்தது. கெடா மாநிலத்துச் சுங்கை லாலாங்கில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டின் வரவேற்பறையில், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில், கண்ணாடி மூடியின் கீழ் அது நின்றது. நீளம் என் உள்ளங்கையளவுதான். ஆனால் தொட்டால் கை முறியும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பூனைக்குக்கூடத் தெரியும்.

அதைச் செய்தவர் என் தாய்மாமா. தொழிற்சாலை ஒன்றில் டெக்னிஷியன். கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். அவரோடு வேலை செய்தவர்கள் ஓய்வு நாள் வந்தால் தூண்டிலை எடுத்துக்கொண்டு தஞ்சோங் டாவாய்க்குப் போவார்கள். மாமா மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் துண்டுகளுக்குப் பசை தடவிக்கொண்டிருப்பார். பழைய ராணுவ லோரி, பீரங்கி, டாங்கி என்று எல்லாவற்றையும் ஒன்றுக்கு முப்பத்தைந்து என்ற கணக்கில் சுருக்கிச் செய்வார். அதாவது, நிஜ வண்டியில் ஒரு முழம் இருப்பது இங்கே ஒரு நகத்தளவு.

ஒன்பது வயதில் எனக்கு இந்த விவகாரம் எதுவுமே விளங்கவில்லை. முதல் குழப்பம், அது விளையாட்டுச் சாமானா இல்லையா என்பது. சக்கரம் இருந்தது, ஓட்டக் கூடாது. துப்பாக்கி இருந்தது, சுடாது. உள்ளே பாதி விரல் உயரச் சிப்பாய்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்குப் பெயர் வைக்கக் கூடாது. அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. மாமா வண்டியைப் பளபளவென்று புதிதாகச் செய்து முடிப்பார். முடித்ததும் உட்கார்ந்து அதைப் பாழாக்குவார்! துரு வரைவார், புகைக் கறை வைப்பார், சேறு பூசுவார்.

"புது வண்டிய எதுக்கு மாமா அழுக்காக்குறீங்க?" என்று கேட்டேன்.

"அப்பத்தான் பாப்பா அது உண்ம."

அதே மாமா என் பள்ளிச் சப்பாத்தில் துளி சேறு இருந்தால் வாசலிலேயே நிறுத்தித் திட்டுவார். அது மட்டும் உண்மை இல்லையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் சொல்கிற வண்டிக்குக் கேரியர் என்று பெயர். மேலே கூரை கிடையாது. சக்கரங்களைச் சுற்றி இரும்புச் சங்கிலி. உலகப் போரில் ஜப்பான்காரன் கெடாவுக்குள் இறங்கியபோது குருண் சாலையில் நின்று சண்டை போட்ட இந்தியச் சிப்பாய்களின் வண்டி அது என்று மாமா சொன்னார். அதற்காகவே குருணுக்குப் போய் ஒரு பை மண் அள்ளிக்கொண்டு வந்தார். அதை அம்மாவின் முறுக்குத் தட்டில் காய வைத்து, அம்மாவின் மாவுச் சல்லடையில் சலித்து, வண்டியின் அடிவயிற்றிலும் முகப்பிலும் பூசினார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"தோத்துப்போனவன் வண்டிக்கா இந்தப் பாடு? ஜெயிச்சவன் வண்டி ஒண்ணும் கிடைக்கலையாடா உனக்கு?"

"ஜெயிச்சவன் வண்டிய ஊர்ல எல்லாரும் செய்றாங்கக்கா."

அம்மாவுக்குத் தம்பி என்றால் உயிர். பாடாங் மேஹா தோட்டத்தில் இருந்த காலத்தில் தான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ரப்பர்ப் பால் மரம் வெட்டி, அவரைப் பாலிடெக்னிக் வரை படிக்க வைத்தவள். அதனால் சல்லடை போனது பற்றி இரண்டு நாளுக்கு மேல் பேசவில்லை.

மாமா இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் அலோர்ஸ்டாரில் ஆண்டுதோறும் நடக்கும் போட்டி. அதற்கு நடுவர் ஓய்வுபெற்ற மலாய் ராணுவ மேஜர் ஒருவர். சொந்தமாக ஒரு போர்க் காட்சிக்கூடம் வைத்திருந்தார். முதல் பரிசு பெறும் வண்டியை அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் நிரந்தரமாக வைப்பார்கள். மாமா இரண்டு முறை போய்த் தோற்றிருந்தார். முதல் முறை கொண்டுபோன லோரியின் டயர் கோடுகள் போருக்குப் பின்னால் வந்தவை என்று மேஜர் சொல்லிவிட்டார். அடுத்த முறை, இந்தப் பச்சை ஐரோப்பாவில் ஓடிய வண்டிகளுக்கு உரியது, மலாயாவுக்கு அல்ல என்றார். இரண்டு முறையும் மாமா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

"இந்தத் தடவ அந்தாளு லென்ஸ் வச்சுத் தேடினாலும் ஒரு தப்பு கிடைக்கக் கூடாது," என்றார். கேரியரின் சங்கிலியில் ஒரு கண்ணி அதிகம் என்று தெரிந்ததும் முழுச் சங்கிலியையும் கழற்றி மறுபடி கோத்தார். அப்படியொரு வெறி.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை.

எங்கள் வீட்டில் அம்மா ஆயுத பூஜை செய்தால் எதுவும் தப்பாது. தையல் மெஷின், அருவாமனை, மிக்சி, என் சைக்கிள், அப்பா செம்பனைக் குலை ஏற்றி ஓட்டும் லோரி எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக நிற்கும். மாமா இரவு வேலை முடிந்து காலையில் வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, கண் நேராகத் தொலைக்காட்சிப் பக்கம் போனது.

கேரியரின் நெற்றியில் சந்தனம். சந்தனத்தின் நடுவில் செக்கச்செவேலென்று குங்குமம்.

"என்னக்கா செஞ்சு வச்சிருக்க!" என்று மாமா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அம்மா கரண்டியோடு வந்தாள். அவளுக்குத் தான் செய்ததில் ஒரு குறையும் தெரியவில்லை. "ஆயுத பூசன்னு சொல்லிட்டு அருவாமனைக்கும் மிக்சிக்கும் பொட்டு வைக்கிறோம். வீட்ல இருக்கிற ஒரே ஆயுதம் இதுதான்டா. இத விட்டுட்டா சாமி என்ன நினைக்கும்?"

எனக்கு அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்று பட்டது. மாமா பஞ்சை நனைத்துத் துடைத்தார். சந்தனம் வந்தது, கூடவே குருண் மண்ணும் வந்தது. குங்குமமோ பெயிண்டுக்குள் இறங்கிவிட்டது. துடைக்கத் துடைக்கச் சிவப்பு இன்னும் கீழே இழுபட்டு வழிந்தது. மறுபடி பெயிண்ட் அடித்து, காய வைத்து, துருவும் சேறும் ஏற்றப் பல நாளாகும். இருப்பதோ ஒரு சனிக்கிழமை.

"உன் விரல் பொட்டு ஒண்ணுக்கு முப்பத்தஞ்சு கணக்குல எவ்ளோ பெருசு தெரியுமா? சோத்துத் தட்டு! சோத்துத் தட்டு அளவுக்கு எந்தச் சிப்பாய் வண்டிக்குப் பொட்டு வைப்பான்கா?"

சோற்றுத் தட்டு அளவுப் பொட்டை நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள்.

"அப்படியே வச்சிருந்தாலும், சண்ட நடந்தது டிசம்பர் மழையில. புரட்டாசியில வச்ச பொட்டு அது வரைக்கும் நிக்குமா?"

"நல்ல குங்குமமா இருந்தா நிக்கும்," என்றாள் அம்மா.

அதோடு பேச்சு நின்றது. உண்மையாகவே நின்றது. சனிக்கிழமை முழுவதும் அக்காவும் தம்பியும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, "பாப்பா, உங்க மாமாகிட்ட சோறு ஆறுதுன்னு சொல்லு," என்பாள் அம்மா. "பசிக்கலன்னு சொல்லு," என்பார் மாமா. நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். மாமா போட்டிக்கே போகப் போவதில்லை என்றார்.

ஞாயிறு காலை அம்மா நல்ல சேலை கட்டி, கொண்டைக்கடலைச் சுண்டல் டப்பாவோடு வாசலில் நின்றாள். முதல் முறையாக நேராகவே பேசினாள். "நானும் வரேன். தப்பு என்னுது, தம்பி செஞ்சது சுத்தம்னு அந்த மேஜர்கிட்ட நானே சொல்லி மன்னிப்புக் கேக்குறேன்."

மாமா போய்க் கேரியரை எடுத்து வந்தார். "வா. ஆனா அங்க வாயத் தொறக்கக் கூடாது. நான் பாத்துக்கிறேன்."

அலோர்ஸ்டார் மண்டபத்தில் அத்தனை டாங்கிகளும் விமானங்களும் இருந்தும் ஒரு சத்தமில்லை. பெரிய பெரிய ஆட்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து குனிந்து நடந்தார்கள். யாரும் எதையும் உருட்டிப் பார்க்கவில்லை. எனக்கு அழுகையாக வந்தது.

மேஜர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். லென்ஸை எடுத்துக்கொண்டு கேரியரைச் சுற்றி வந்தார். டார்ச் அடித்து அடிப்பக்கம் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார். பச்சை நிறத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு முன்பக்கம் வந்து நின்றார். நின்றவர் நகரவில்லை. மாமா கண்ணை மூடிக்கொண்டார். அம்மா சேலை முந்தானையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேஜர் மற்ற நடுவர்களைக் கை காட்டி அழைத்தார். மலாயில் சொன்னார், எனக்கே புரிந்தது. அவருடைய அப்பா குருண் பக்கத்து மலாய்க் கம்பத்தில், அதாவது கிராமத்தில், பிறந்தவராம். சின்னப் பையனாக இருந்தபோது, ரப்பர் மரங்களுக்கடியில் இந்தியச் சிப்பாய்கள் இப்படிப்பட்ட வண்டியை நிறுத்தி, தேங்காய் உடைத்து, முன்பக்கத்தில் மஞ்சளும் சிவப்பும் கையால் அப்பிவிட்டு, அப்படியே மழையில் சண்டைக்குக் கிளம்பிப் போனதைப் பார்த்தாராம். சாகும் வரை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

"இதோ, மழையில வழிஞ்சிருக்கு பாருங்க," என்று பஞ்சு இழுத்த கோட்டை லென்ஸால் காட்டினார். "எத்தனையோ வருஷமா நடுவரா இருக்கேன். இத யாருமே செஞ்சதில்ல. நானும் எந்தப் புத்தகத்திலயும் பாத்ததில்ல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மாமா கண்ணைத் திறந்தார். மேஜரைப் பார்த்தார். அம்மாவைப் பார்க்கவில்லை.

"சாயா பாச்சா, துவான்," என்றார். படித்தேன், ஐயா.

"எதில்?"

"பழைய புத்தகம். நூலகத்துல. பேரு ஞாபகம் இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமா மறந்துவிட்டார் போலிருக்கிறது! ஞாபகப்படுத்தலாம் என்று, "மாமா, அம்மாதானே..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் ஒரு பிடி சுண்டல் என் வாய்க்குள் வந்து விழுந்தது. அம்மாவின் கை. இன்னொரு கை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது. நிமிர்ந்து பார்த்தால் மேஜரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

முதல் பரிசு மாமாவுக்குத்தான். கை குலுக்கினார்கள், படம் பிடித்தார்கள், கேரியரைத் தங்களிடமே எடுத்து வைத்துக்கொண்டார்கள். பக்கத்தில் வைக்கப் போகும் அட்டையில் மாமாவின் பெயரையும், பழைய நூல் ஒன்றின் ஆதாரத்தில் செய்யப்பட்டது என்பதையும் எழுதப் போவதாக மேஜர் சொன்னார். மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பும்போது மாமா காடியை ஓட்ட, அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் போட்டாள். "தம்பி ஜெயிச்சுட்டான்! மேஜர் அப்படியே அசந்து போயிட்டாரு!" பிறகு பெரியம்மாவுக்கு, பிறகு பக்கத்து வீட்டு அக்காவுக்கு. யாரிடமும் பொட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கோ குழப்பத்துக்கு மேல் குழப்பம். பொட்டு வைத்தது தப்பு என்று வீட்டை இரண்டாக்கினார்கள். அது சரியென்று மேஜரே சொல்லிவிட்டார். அப்படியானால் வைத்தவளுக்கல்லவா சந்தோஷம் வர வேண்டும், திட்டியவர் அல்லவா மன்னிப்புக் கேட்க வேண்டும்? இங்கே யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

குருண் தாண்டுமுன் மாமா காடியைச் சாலையோரம் நிறுத்தினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. தோற்ற வருடங்களில் சாப்பிடாமல் கிடந்தார், சரி. ஜெயித்த வருடம் அழுவார்களா?

"அக்கா, திரும்பிப் போயிரட்டா? போய்ச் சொல்லிரட்டா?"

"என்னன்னு சொல்லுவ?"

"அத வச்சது நீன்னு."

அம்மா கண்ணாடிக்கு வெளியே ஜெராய் மலையின் பக்கம் கறுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்தாள். பிறகு, கோபமே இல்லாத குரலில், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

"நான் வச்சா அது வெறும் பொட்டுடா. நீ படிச்சேன்னு சொன்னாத்தான் அவங்க கண்ணாடிப் பொட்டியில வைப்பாங்க. காடிய எடுலா, மழ வருது."

அம்மா மாமாவைப் பாராட்டுகிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. இவ்வளவு நேரம் கழித்தாவது ஒருவர் சரியாகப் பேசினாரே என்று சந்தோஷமாக இருந்தது. பின்சீட்டில் உட்கார்ந்தபடியே நான் பலமாகக் கைதட்டினேன்.