நன்னடத்தைக்கு ஒரு கையெழுத்து

அந்த வழக்கில் எனக்குக் கொஞ்சம் திமிர் ஏறியிருந்தது. தென்காசி கோர்ட்டில் மூளையின் ஸ்கேன் படத்தைச் சாட்சியமாக்கிய முதல் வக்கீல் நான்தான் என்று, டீ குடிக்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லித் திரிந்தேன். உண்மையா என்று யாரும் விசாரிக்கவில்லை, நானும்தான்.

கட்சிக்காரர் குற்றாலத்தில் சிப்ஸ் கடை வைத்திருந்தவர். மூன்று வருஷத்துக்கு முன் அருவிப் பாறையில் வழுக்கி விழுந்து, தலையில் ஆபரேஷன் ஆகிப் பிழைத்தார். அதன் பிறகு தொட்டதற்கெல்லாம் கோபம். போன சீசனில் கடையை மறைத்து வேனை நிறுத்திய டிரைவரை, சிப்ஸ் அள்ளுகிற இரும்புக் கரண்டியால் அடித்துக் கையை முறித்துவிட்டார். மறுக்க வழியே இல்லை. ஊரே பார்த்தது.

நான் படத்தைப் பிடித்துக்கொண்டேன். நெற்றிக்குப் பின்னால் காயம் இருக்கிறது என்று திருநெல்வேலியிலிருந்து வந்த மூளை டாக்டர் கூண்டேறிச் சொன்னார். இதில் கோபம் எங்கே, காட்டுங்கள் என்றார் அரசு வக்கீல். கோபம் தெரியாது, அதன் பிரேக் பழுதானதுதான் தெரியும் என்றார் டாக்டர். இப்படிக் காயம்பட்ட எல்லாரும் அடிக்கிறார்களா என்றதற்கு மட்டும், இல்லை என்று மெல்லச் சொன்னார்.

குற்றவாளி என்றுதான் தீர்ப்பு. ஆனாலும் காயத்தை எண்ணி, ஜெயிலுக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விட்டார் நீதிபதி. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சிரித்தபடி, ஜாமீன் படிவத்தைக் கட்சிக்காரரின் மனைவியிடம் நீட்டினேன். என்னையே வாசிக்கச் சொன்னார். கணவர் இனி யாரையும் துன்புறுத்த மாட்டார் என்பதற்கு நான் பொறுப்பு என்றிருந்தது. அந்தம்மா பேனாவை மூடிவிட்டார்.

"அவரால கோவத்த அடக்க முடியாதுன்னு நீங்கதான சார் இத்தன நாளாச் சொன்னிய. அடக்குவாருன்னு நான் எப்படி எழுதிக் குடுக்க?"

மாத்திரை இருக்கிறது, மாதாமாதம் டாக்டரைப் பார்க்கலாம் என்று உளறினேன். வெட்கமாக இருந்தது. அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன்! அந்த மூளையோடு ஒரே வீட்டில் இருக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வெளியே சாரலில் நின்ற கணவர், "ஏட்டி, முடிஞ்சுதா?" என்றார். அந்தம்மா அவசரமாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு என் கேஸ் கட்டுக்குள் இருந்த ஸ்கேன் பிரதியைக் கேட்டார். எதற்கு என்றேன்.

"எங்கிட்டயே இருக்கட்டும் சார். நாளைக்கு எனக்கு அடி விழுந்தா, அப்பவும் இதத்தான காட்டுவிய."

கொடுத்துவிட்டேன்.