தனிக் கார்டு

கோவிந்தம்மா ஈரத் துணியால் மகன் அர்ஜுனின் முகத்தையும் கழுத்தையும் துடைத்தாள். எண்ணூரில் மீன்பிடித் தடைக்காலம். படகு சும்மா கிடக்க, தோஸ்துகளோடு ஒகேனக்கல் போனவன் பாறையில் வழுக்கித் தொடை எலும்பை முறித்துக்கொண்டான். அந்த நண்பர்கள் சேர்த்த தனியார் மருத்துவமனையில் ஆபரேஷனுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கேட்டார்கள்.

“கடல்ல வுழாத ஆளு, அருவியாண்ட வந்து வுழுந்துகீறாரு,” என்று மருமகள் சௌமியா முனகினாள்.

கார்டுக்கு ஒன்றாகத் தரும் தடைக்கால நிவாரணப் பணம் இரண்டாக வரட்டுமென்று, கல்யாணமானதும் மகனுக்குத் தனி ரேஷன் கார்டு வாங்க வைத்தவள் கோவிந்தம்மாதான். பழைய கார்டுக்கான காப்பீட்டிலிருந்து அவன் பெயர் போய்விட்டது. புதுக் கார்டுக்குக் காப்பீடு எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

“உன் அட்டையில என் பேரும் கீதுல்லம்மா? அத்தக் காட்டேன். ஆபரேஷன் பண்ணிடுவாங்கல்ல?” என்றான் அர்ஜுன்.

கோவிந்தம்மா ஈரத் துணியால் தன் கண்களை ஒற்றிக்கொண்டு அறையைவிட்டு வெளியே போனாள்.