அண்ணன் பொருள் சொல்லாத ஒரு சொல்

காலை ஆறு மணி பத்து நிமிடம். அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஓடாமல் நின்ற மின்விசிறி. மே மாதத்தில் செகந்திராபாத்தை அடுத்த மௌலா அலியில் யாரும் மின்விசிறியை நிறுத்துவதில்லை. அம்மா அதை நிறுத்திவிட்டுக் கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் இறந்து சிறிது நேரம் ஆகியிருந்தது. இன்றோடு ஓராண்டு நிறைகிறது.

அண்ணன் பிறந்தது ஜோலார்பேட்டையில், அம்மாவின் தாய்வீட்டில். அப்பா இங்கே ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். கைக்குழந்தையாக வந்த அண்ணன் ரயில்வே குடியிருப்பிலேயே வளர்ந்தார். அவர் கல்லூரி இறுதியாண்டில் இருந்தபோது அப்பா மாரடைப்பில் காலமானார். விலங்கியல் பட்டம் பெற்ற கையோடு, செகந்திராபாத்தில் ஒரு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் நிறுவனத்தில் அண்ணன் சேர்ந்தார். அமெரிக்க மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்வதை ஹெட்போனில் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை அது. என் படிப்பும் திருமணமும் அந்தச் சம்பளத்தில் நடந்தன. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்ட உறவினர்களிடம், "நைட் ஷிப்ட்காரனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார்.

அந்த மருத்துவர்கள் சாப்பிட்டுக்கொண்டும் கார் ஓட்டிக்கொண்டும் பேசுவார்களாம். ஒரு சொல் சரியாகக் கேட்காவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட வேண்டும், ஊகித்து எழுதக் கூடாது என்பது தொழிலின் விதி. அண்ணனுக்குக் காலி இடம் விடுவது பிடிக்காது. லத்தீன் வேர் பிடிபட்டுவிட்டால் சொல் எதுவென்று தெரிந்துவிடும் என்பார். பிறகு பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்வார்.

கற்றதை வீட்டுக்கும் கொண்டுவந்தார். 'ஃபார்மிகேஷன்' என்பது எறும்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது; தோலில் எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி. 'சிக்வீலா' என்றால் பின்தொடர்வது. நோய் போன பிறகும் அது விட்டுச்செல்லும் கோளாறு. அதை நான் 'செக்வெலா' என்று படித்தபோது, அழுத்தம் 'வீ'யில் விழ வேண்டும் என்று திருத்தினார். 'டெக்யூபிட்டஸ்' என்றால் படுத்தே கிடத்தல். அதனால் வரும் புண்ணுக்கும் அதுதான் பெயர். தட்டில் இட்லி ஆறுவதற்குள் வேர், பொருள், உச்சரிப்பு மூன்றும் வந்துவிடும்.

அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ஆனால் செய்தித்தாளில் வேலை பார்க்கும் என்னைவிட அண்ணனின் சொற்கள் அம்மாவுக்கே அதிகம் மனப்பாடம். கீரை ஆய்ந்துவிட்டு எழும்போது கால் மரத்திருந்தால், "டேய், பார்மிகேஷன் வந்துடிச்சிடா" என்பார். தொலைக்காட்சியில், மாத்திரை அட்டையில், எங்கே புதிய சொல்லைக் கண்டாலும் அண்ணனிடம் கேட்பார். அண்ணன் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு பேச்சைத் தானே எழுத்தாக்கும் மென்பொருள் வந்தது. அவருடைய பிரிவில் பலர் வேலை இழந்தனர். கேட்டு எழுதியவர், இயந்திரம் எழுதியதைத் திருத்துபவரானார். சம்பளம் குறைந்தது. இயந்திரம் காலி இடம் விடுவதில்லை, தெரியாததையும் துணிந்து எழுதிவிடுகிறது என்பது மட்டுமே அவர் சொன்ன குறை.

சென்ற ஆண்டுத் தொடக்கத்தில் அண்ணனின் உடல் மெலிந்தது, கண் மஞ்சளானது. கணையத்தில் கட்டி. ஸ்கேன் அறிக்கையை மருத்துவமனை வராந்தாவில் நின்றபடியே ஒருமுறை முழுவதும் படித்தார். அதுபோன்ற எத்தனையோ அறிக்கைகளை அவரே தட்டச்சு செய்திருக்கிறார். மடித்து என்னிடம் கொடுத்து, வீட்டிலேயே இருந்துவிடுகிறேன், அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்றார்.

கட்டி என்பது வரைதான் அம்மாவுக்குத் தெரியும். அவர் விடவில்லை. சென்னையில் அறுவை சிகிச்சை செய்தால் மகன் பிழைத்துவிடுவான் என்று நம்பினார். என்னிடம் சொல்லி ரயில் டிக்கெட் எடுக்க வைத்தார், பெட்டியும் கட்டிவிட்டார். அதற்குள் அண்ணனால் எழுந்து உட்காரவே முடியவில்லை. மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். பயணத்தைத் தாங்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரியும். ஆனால் வேண்டாம் என்றால் அம்மாவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். 

புறப்பட வேண்டிய நாளுக்குச் சற்று முன்பு, வார்டுக்கு வந்த மருத்துவர் ஆங்கிலத்தில், இனி பாலியேட்டிவ் சிகிச்சைதான், வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அம்மாவின் காதில் அந்த ஒரு சொல் மட்டும் நின்றது.

"என்னாடா சொல்லிட்டுப் போறாரு? பாலியேட்டிவ்னா என்னா?"

நோயைக் குணப்படுத்த முடியாதபோது வேதனையை மட்டும் தணிப்பது என்று பொருள். மேலங்கியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. போர்த்துதல் என்பது வேர். அண்ணன் பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்துவந்த சொல்.

"தெரியலம்மா" என்றார்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தினி வருசம் அத்தக் காதுல மாட்டிக்கினு என்னாத்தடா கேட்ட?"

"தூங்கியிருப்பேன்மா."

அம்மா சிரித்தார். அண்ணனும் சிரித்தார். பிறகு அம்மா வெந்நீர் வாங்கிவருவதாகச் சொல்லி, பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். நான் பின்னால் போனேன். படிக்கட்டருகே நின்றார். பொருளை என்னிடம் கேட்பார் என்று நினைத்தேன்.

"அந்த டிக்கெட்ட கேன்சல் பண்ணிடு. மெட்ராஸ் வேணாம், நக்கோ" என்றார்.

மறுநாள் அண்ணன் வீட்டுக்கு வந்தார். வலி போகவில்லை, மருந்துக்குக் கொஞ்ச நேரம் அடங்கும். பேச்சு குறைந்துகொண்டே போனது. கடைசி வாரத்தில் முதுகில் புண் வந்தது. அதன் பெயரை வீட்டில் யாரும் சொல்லவில்லை.

அந்த நாள்களில் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க முறைவைத்து வந்த அலுவலக நண்பர்களுக்கும், வீடு தேடி வந்து ஊசி போட்ட செவிலியருக்கும், எங்களைச் சமைக்க விடாமல் இரண்டு வேளையும் சாப்பாடு அனுப்பிய, நாங்கள் ஆப்பா என்று அழைக்கும் எதிர்வீட்டு அக்காவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சென்னையில் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே எங்களுக்காக ஓர் அறை பிடித்து, அம்மா கஞ்சி வைக்க ஒரு கேஸ் அடுப்பும் வாங்கி வைத்திருந்த சித்தி மகனுக்கும் நன்றி. அடுப்பை அவர் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.