இசக்கி தன்மேல் எழுதிய புகார்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் மாடி அறையில் குடியிருக்கும் இசக்கி கையில் ஒரு கார்டோடு வந்து நின்றான்.

"அக்கா, நீங்க எழுதுத ஆளு. இது சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

இசக்கிக்குத் தென்காசிப் பக்கம். ஒரகடத்தில் ஒரு கம்பெனி குடோனில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறான். படப்பைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. படிக்கட்டில் எறும்பு போனால்கூடத் தாண்டித்தான் இறங்குவான்.

அவன் கொண்டுவந்தது நியர் மிஸ் கார்டு. இந்தப் பக்கம் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். விபத்து நடக்கவில்லை, ஆனால் நடந்திருக்கலாம் — அப்படி எதைப் பார்த்தாலும் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். தரையில் ஆயில், கழன்ற போல்ட்... பாதிப் பேர் வருஷம் முழுக்க அந்த ஆயிலையே எழுதுவார்களாம்.

இசக்கியின் கார்டில் இருந்தது இது. ஆபத்து: ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் இசக்கிமுத்து. காரணம்: மனசு கெட்டது. தடுக்கும் வழி: இவனை வண்டியிலிருந்து இறக்கிவிடவும்.

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

"எங்கூட குடோன்ல வேல பாக்க மூர்த்தியத் தெரியும்லா? அவன் முன்னால நடந்து போனாலே, 'வண்டிய மேல ஏத்திரு'ன்னு ஒரு நெனப்பு வருதுக்கா. கோவம் ஒண்ணும் கெடையாது. எனக்கு வேல வாங்கித் தந்ததே அவன்தான். அப்போ நான் எப்பேர்ப்பட்டவன்?"

மூன்று மாதமாக இப்படித்தானாம். ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய், யாரையாவது இடித்துவிட்டோமா என்று பார்க்கிறான். யாரும் இல்லை. ஏறுகிறான். மறுபடியும் இறங்குகிறான். நாளைக்குக் கார்டைப் போட்டுவிட்டு ஊருக்கே போய்விடுவதாக முடிவும் செய்துவிட்டான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் ஒரு நிமிஷம் அவன்மேல் பயம் வந்தது. நினைப்புதானே ஒருநாள் செயலாகிறது?

நாளைக்கு லீவு போடு என்றேன். திங்கட்கிழமை குன்றத்தூரில் ஒரு மனநல டாக்டரிடம் போனோம். இசக்கி லீவு என்று கேள்விப்பட்டு, விஷயம் என்னவென்று தெரியாமலே மூர்த்தியும் கூட வந்துவிட்டான்.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. கோபம் வருமா, அந்த நினைப்பு வந்தால் பிடிக்கிறதா, காதில் குரல் கேட்கிறதா, சாகத் தோன்றுகிறதா... இசக்கியைத் தனியாக உட்காரவைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு அவன் சம்மதத்தோடு எங்களையும் உள்ளே கூப்பிட்டு, மூர்த்திக்கும் விஷயத்தைச் சொன்னார். கார்டு அவர் கையில் இருந்தது.

"இது ஓசிடி. வேண்டாத நினைப்பு விடாமத் துரத்துற நோய்" என்றார்.

"ஓசிடின்னா கையக் கழுவிக்கிட்டே இருக்கதுல்லா?" என்றான் இசக்கி.

"அது ஒரு வகை. இது இன்னொரு வகை. இந்த மாதிரி நினைப்பு எல்லாருக்கும் எப்பவாவது வரும். சீன்னு விட்டுட்டுப் போயிடுவாங்க. உங்களால விட முடியலை. ஏன்னா, உங்களுக்கு எது ரொம்ப முக்கியமோ அதுலயே அது கை வைக்குது. இது உங்க ஆசை இல்லை இசக்கி. ஆசையா இருந்தா, உங்க மேலயே புகார் எழுதிட்டு வருவீங்களா?"

இசக்கி அழுதான். மூர்த்தி எங்கள் படப்பைக்குப் பக்கத்து ஊர்க்காரன். அவன்தான் முதலில் பேசினான்.

"அதான் என்னப் பார்த்தா ஒதுங்கினியா? என் மேல வாடை அடிக்கிதோன்னு சோப்பை மாத்திக்கினு கீறேன்டா நானு."

அழுதுகொண்டிருந்தவன் சிரித்தான். எனக்கு... அப்பாடா என்று இருந்தது.

அந்த நிம்மதியில் என் பங்கும் உண்டு. மலைக்கோயிலில் தீபாராதனை காட்டும்போது, முருகனைப் பார்த்து எனக்குள் ஒரு கெட்ட வார்த்தை வரும். இருபது வருஷமாக வருகிறது! ஒவ்வொரு முறையும் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். யாரிடமும் சொன்னதில்லை. பக்தியே பொய்யோ என்றுகூட நினைத்திருக்கிறேன். மண்டைக்குள் வருவதெல்லாம் நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது? வந்ததைக் கண்டு பதறுகிறோமே, அந்தப் பதற்றத்தில்தான் நாம் யார் என்பது இருக்கிறது.

வண்டியை விட வேண்டாம், திரும்பிப் போய்ப் பார்ப்பதை விடுங்கள் என்று சொல்லியிருக்கிறார் டாக்டர். மாத்திரையும் உண்டு, வாராவாரம் பயிற்சியும் உண்டு. ஒரு ஷிஃப்ட்டில் இருபது தடவை இறங்கியவன் இப்போது மூன்று நான்கு தடவைதான் இறங்குகிறானாம். கஷ்டமாகத்தான் இருக்கிறது என்கிறான். ஆனால் ஊருக்குப் போகும் பேச்சு இல்லை.

எனக்கும் ஒரு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். 'நான் நல்லவன்தானே' என்று அவன் கேட்டால், ஆமாம் என்று சொல்லவே கூடாதாம். சொன்னால் அந்த நிமிஷம் தெம்பு வரும். அடுத்த நிமிஷம் மறுபடி கேட்பான். அதுவும் வண்டியை விட்டு இறங்கிப் பார்ப்பது மாதிரிதான்.

நேற்றுக் காலை ஷிஃப்ட்டுக்குக் கிளம்பியவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, நான் நல்லவன்தான?"

'ஆமாம்' நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"தெரியலையேப்பா. பஸ் வந்துடும், கிளம்பு" என்றேன்.

கேட்டிலிருந்து கையை எடுத்தான். பிறகு சிரித்துவிட்டு, அந்த 'ஆமாம்' கிடைக்காமலே வேலைக்குப் போனான்!