கோழி முப்பத்தொன்பதில் நின்றது

இன்று காலை பதுளைக் கடையைத் திறந்ததும் போனைப் பார்த்தேன். ஹாலிஎலயில் நாங்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் கோழி முப்பத்தொன்பதில் நின்றது.

போன மாசம் வாங்கிய கருவி. கம்பியைக் கோழிக்குள் குத்தி வைத்தால், உள்ளே எவ்வளவு சூடு என்று என் போனுக்கு வந்துவிடும். எழுபத்தைந்து டிகிரி செல்சியஸைத் தொட்டால் வெந்துவிட்டது.

அரை மணி நேரம் பார்த்தேன். ஏறவே இல்லை. சமைக்கிற செல்வி அக்காவுக்குக் கோபத்தோடு போன் போட்டேன்.

"என்னக்கா, அடுப்புப் பத்த வைக்கலியா? கோழி அப்படியே நிக்குது?"

அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"மொதலாளி, கோழி இன்னும் வைக்கலைங்க. அது எம் மகளோட காய்ச்சச் சூடுங்க. லயத்து வீட்டுல பாத்துக்க ஆளில்லன்னு இங்கயே கூட்டிட்டு வந்துட்டேன். கம்பிய சுடுதண்ணியில கழுவித்தான் கக்கத்துல வச்சேன். மன்னிச்சுக்கங்க."

அவர் மன்னிப்புக் கேட்டது கம்பிக்காக.

உடனே த்ரீவீல் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். பிள்ளைக்கு இப்போது வார்டில் சேலைன் ஏறுகிறது.

அக்காவிடம் பேசிப் போனை வைத்தபோது, 'வேக இன்னும் நேரமாகும், பொறுத்திருங்கள்' என்று ஆப் சொல்லிக்கொண்டிருந்தது.

இந்தக் கருவியைப் பற்றி நம் சாப்பாட்டுக் கடைக்காரர் குழுவில் பெருமையாகப் பதிவு போட்டேன். எங்கே வாங்கினாய் என்று நிறையப் பேர் கேட்டீர்கள். இன்று நான் கேட்கிறேன்: மனுஷருக்குக் காய்ச்சல் பார்க்கிற தேர்மாமீட்டர் உங்களில் யாருடைய கடைக் குசினியில் இருக்கிறது?

என் கடையில் இன்று மத்தியானம்வரை இல்லை.