எண்ணெய் படக்கூடாது

அன்று பனங்காட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். பள்ளியில் இயற்பியல் நடத்தும் சார், பாளையங்கோட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி, செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்யும் அக்கா, பிறகு நான். வராதவர் என் அப்பா. வருவதாகச் சொல்லி வெள்ளைச் சட்டையை முந்தின நாளே தேய்த்து வைத்திருந்தார். விடியற்காலையில் ரைஸ்மில் முதலாளி போன் செய்து மோட்டார் நின்றுவிட்டது என்றதும், சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு மில்லுக்குப் போய்விட்டார்.

எங்கள் சங்கத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணாச்சியின் பட்டறையில் கூடுவோம். ராக்கெட் செய்கிறோம் என்று ஊரில் சொன்னாலும் எதுவும் இதுவரை பறந்ததில்லை. நாங்கள் செய்திருந்தது ஒரு டம்ளர் அளவு செம்பு எஞ்சின். ஒரு குழாயில் ஸ்பிரிட்டும் இன்னொரு குழாயில் ஆக்சிஜனும் வந்து அதற்குள் கலந்து எரிய வேண்டும். எஞ்சினை இரும்புச் சட்டத்தில் கட்டிப்போட்டு, அது தள்ளும் விசையைத் தராசில் பார்ப்பது அன்றைய வேலை. தராசு, மீன் கடையில் வைத்திருப்பார்களே, அதே வகைதான்.

சாத்தான்குளத்துக்குத் தெற்கே சாரின் சித்தப்பா மகனுக்குச் செம்மண் நிலம் இருக்கிறது. அதில் பாழடைந்த பம்புசெட் அறை ஒன்று உண்டு. அதன் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு ஸ்விட்சைப் போடுவதாக ஏற்பாடு. காவல் நிலையத்துக்குக் கடிதம் கொடுத்து, தீயணைப்பு நிலையத்திலும் சொல்லி, அந்த ஒரு நாளுக்கு, மதியம் பன்னிரண்டு மணி வரைக்கும் அனுமதி வாங்கியிருந்தோம். அதற்கே மூன்று மாதம் அலைந்திருந்தார் சார்.

சங்கத்தில் என் வேலை கழுவுவது. கேட்க எளிதாகத் தோன்றும். ஆனால் அழுத்தத்தில் பாயும் ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால் தீக்குச்சி தேவைப்படாது, குழாயே எரியும். அண்ணாச்சியின் இடது முழங்கையில் வழுவழுப்பான தழும்பு ஒன்று உண்டு. அவர் தொழில் பழகிய பட்டறையில் யாரோ கிரீஸ் கையோடு சிலிண்டரைத் திறந்ததில் வந்தது. அதனால் ஆக்சிஜன் போகிற ஒவ்வொரு உறுப்பையும் நான் கழுவி, காயவைத்து, பாலித்தீன் பைக்குள் கட்ட வேண்டும். சோதனை நாளில் யாரும் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, வடை தின்னக் கூடாது. மாட்டும்போது ஒவ்வொரு மரையையும் வெள்ளை வேட்டித்துணியால் துடைத்து, அந்தத் துணியை இன்னொருவரிடம் காட்ட வேண்டும்.

“எழவு வீட்டுக்காலே போற, தலைய இப்படிப் பரட்டையாப் போட்டுக்கிட்டு?” என்று அன்று காலையிலும் அம்மா கேட்டாள்.

எங்கள் வீடு ஏரலுக்கு அக்கரையில். சனிக்கிழமை வீட்டில் வைத்துத்தான் எல்லாவற்றையும் கழுவினேன். பழைய பிஸ்கட் டப்பாவில் அடுக்கி மூடி, மேலே தாள் ஒட்டி, தடித்த பேனாவால் “எண்ணெய் படக்கூடாது” என்று எழுதினேன். எழுத்து அழகாக வந்திருந்தது. டிப்ளமோ படித்ததிலிருந்து நான் எதை எடுத்தாலும் எழுதி ஒட்டிவிடுவேன்.

பனங்காட்டில் வேலை எட்டு மணிக்கே தொடங்கிவிட்டது. அண்ணாச்சி மணல் மூட்டைகளை அடுக்கினார். சார், மேய வந்த ஆடுகளை ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா, சுவருக்குப் பின்னால் வயர்களைப் பிரித்துப் போட்டாள். நான் ஆக்சிஜன் வால்வை எடுத்து மரையைத் துணியால் துடைத்தேன். துணியில் ரவிக்கைப் பொத்தான் அளவுக்கு மஞ்சளாக ஒரு வட்டம் விழுந்தது.

முகர்ந்து பார்த்தேன். தையல் மெஷின் எண்ணெய். மில்லில் இருந்து வந்து அப்பா கழற்றிப் போடும் சட்டையில் தினமும் அடிக்கும் வாசனை அது. பன்னிரண்டு வயதில் எண்ணெய்க் கேனைக் கையில் எடுத்தவர் அவர். இரும்பு காய்ந்து கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. நான் விழிப்பதற்கு முன் டப்பாவைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு விட்டு, நான் மடித்த மாதிரியே பைகளை மடித்து வைத்திருக்கிறார்.

“தம்பி, துணி சுத்தமா?” என்று சுவருக்குப் பின்னாலிருந்து அக்கா கேட்டாள்.

பையில் வேறு துணி இருந்தது. அதை எடுத்துக் காட்டியிருக்கலாம். ஒரு சொட்டுதானே, துடைத்தாயிற்றே என்றும் மனம் சொல்லியது. ஆனால் ஸ்விட்ச் போடப் போகிறவள் அக்கா. வால்வுக்குப் பக்கத்தில் கடைசி வரை நிற்கப் போகிறவர் அண்ணாச்சி.

“இல்லக்கா. எண்ணெய் இருக்கு.”

மூன்று பேரும் வந்துவிட்டார்கள். மற்றப் பைகளையும் பிரித்தோம். எல்லாவற்றிலும் எண்ணெய்.

“யாரு போட்டா?” என்றார் அண்ணாச்சி.

“நான்தான் அண்ணாச்சி. கழுவி முடிச்சு... ஞாபகமில்லாம...”

“ஏலே, டிப்ளமோல எண்ணெய் அபிஷேகம்தான் சொல்லிக் குடுத்தானுவளா? ஒரு வருசமா ஒனக்கு இங்கன வேற என்ன வேலை? மூணு மாசம் சார் செருப்பு தேய நடந்திருக்காவ. இனி இந்த டப்பாவை நீ தொடாத.”

பள்ளிக்கூட வாசலை எங்கள் வீட்டிலிருந்து முதலில் மிதித்தவன் நான். மற்றவர்கள் என் பேச்சை மதித்துக் கேட்கும் இடம் இது ஒன்றுதான். அது கைவிட்டுப் போனாலும் போகட்டும், அப்பாவின் பெயர் இதில் வர வேண்டாம் என்று நினைத்தேன்.

சார் மட்டும் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு, “வால்வுக்குள்ள ரப்பர்ல ஊறியிருக்கும். இங்கன வச்சுக் கழுவ முடியாது. மூட்டையக் கட்டுவோம்” என்றார்.

சாமான்களைச் சுமை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தோம். மணி பதினொன்று இருக்கும். மினிபஸ்சில் இறங்கி, பனைகளுக்கு நடுவே வெள்ளைச் சட்டையில் அப்பா நடந்து வந்துகொண்டிருந்தார். மோட்டாரைச் சரிசெய்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்து, சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

“என்னய்யா, முடிஞ்சிட்டா? சத்தமே கேக்கலியே” என்றார். பிறகு அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்தார். “மரையெல்லாம் காஞ்சு கெடந்துச்சு அண்ணாச்சி. காலைல சொட்டுச் சொட்டா விட்டுக் குடுத்தேன். லேசா சுத்துச்சா?”

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

“பொய்யாலே சொன்ன?”

நான் தலையாட்டினேன். சார்தான் பேசினார். “நீ அப்படிச் சொன்னா நாங்க ஒன்னையத் திட்டிட்டுப் போயிருவோம். அடுத்த தடவையும் எண்ணெய் வரும். ஓட்டை எங்கன இருக்குன்னு தெரிஞ்சாத்தான அடைக்க முடியும்?”

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணாச்சி அவரிடம் கோபப்படவில்லை. சட்டைக் கையை மடித்து முழங்கையைக் காட்டி, ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பைய விளக்கினார். அப்பா தழும்பைக் குனிந்து பார்த்தார்.

“ஸ்விட்ச யாரு போடுவா?”

“நான்தான் மாமா” என்றாள் அக்கா.

அப்பா அப்படியே மணல் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டை முதுகில் வேர்வையால் ஒட்டியிருந்தது.

“டப்பா மேல எழுதி ஒட்டியிருந்தானே, பாக்கலியா?” என்று சார் தணிவாகக் கேட்டார்.

“பாத்தேன் சார். பெருசா எழுதியிருந்துச்சு. அவன் பேருன்னு நெனச்சேன்.”

எல்லோரும் டப்பாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் வீட்டில் அதைப் படிக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். அவ்வளவு அழகாக எழுதி, எனக்கே எச்சரிக்கை ஒட்டி வைத்திருக்கிறேன்.

அடுத்த அனுமதிக்கு ஆறு வாரம் ஆனது. புது வால்வும் அதோடு சேர்ந்த உறுப்புகளும் வாங்கினோம். கழுவும் வேலை என்னிடமே இருக்கட்டும் என்றார் அண்ணாச்சி. பொய் சொன்னதற்கு மட்டும் ஒரு மாதம் பட்டறையைக் கூட்டச் சொன்னார், கூட்டினேன். டப்பாவில் இந்த முறை எழுத்து வேண்டாம் என்று ஓர் எண்ணெய்க் கேனை வரைந்து, குறுக்கே சிவப்பாக இரண்டு கோடு போட்டேன். அப்பா எட்டிப் பார்த்தார்.

“மூக்கு இவ்வளவு கட்டையா இருக்காதுலே. கெண்டின்னு நெனைச்சுக்கிடுவாவ.”

பேனாவைக் கையில் கொடுத்தேன். அவர் பேனா பிடித்து நான் பார்த்ததில்லை. கேனின் மூக்கை நீளமாக இழுத்து, முனையில் ஒரு சொட்டும் வைத்தார். அதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அன்று இரவு டப்பாவைத் தன் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டார்.

காலையில் அவரும் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. “அப்பனும் மவனும் சேந்து சன்னியாசம் போறியளா?” என்றாள் அம்மா.

இரண்டாம் முறை துணி வெள்ளையாகவே இருந்தது. அக்கா பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமலே அப்பாவிடமும் நீட்டினாள். அவர் வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, “காஞ்சுதான் கெடக்கு” என்றார். சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் சுருங்கத்தான் செய்தது.

சுவருக்குப் பின்னால் ஐந்து பரட்டைத் தலைகளும் குனிந்துகொண்டோம். அக்கா எண்ணி ஸ்விட்சைப் போட்டாள். முரட்டுத்துணியை ஒரே இழுப்பில் கிழித்தது போல ஒரு சத்தம். செம்மண் புழுதி பின்னால் எழுந்தது. மூன்று நொடி. தராசு ஆறு கிலோ காட்டியது. அக்கா ஸ்விட்சை அணைத்து வால்வை மூடியதும் எங்கோ ஓர் ஆடு கத்தியது கேட்டது.

“இவ்வளவுதானா?” என்றார் அப்பா.

“இவ்வளவுக்குத்தான் வே நாங்க தலைகீழா நிக்கோம்” என்றார் அண்ணாச்சி. அப்படிச் சிரித்து அவரை நான் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் டீக்கடையில் உட்கார்ந்து அக்கா செலவை எழுதினாள். வீணாய்ப்போன வால்வுக்குப் பதில் வாங்கியது, மற்ற உறுப்புகள், மறுபடி நிரப்பிய சிலிண்டர், இரண்டாம் முறை ஆட்டோ வாடகை. கூட்டிவிட்டு நான்கால் வகுக்கப் போனாள்.

“யாரெல்லாம் பிள்ள?” என்று அப்பா கேட்டார்.

“நாங்க நாலு பேரும் மாமா.”

“நானும் அங்கனதான நின்னேன்?”

அண்ணாச்சி வேண்டாம் என்று வாயெடுத்தார். சார் அவர் கையை அழுத்தினார். அக்கா நான்கை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினாள். தலைக்கு ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு. மொத்தம் எட்டாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.